தோட்டா உட்காரும் இடத்துக்கு ஒரு சொல் வேண்டும்

தொண்டியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். பழைய 12 போர் (bore, குழல் அளவு) துப்பாக்கியில் துரு எடுப்பது பற்றிய இரண்டு பக்கக் குறிப்பைத் தமிழாக்குகிறேன். திங்கட்கிழமை தர வேண்டும். குழலின் பின்கோடியில் தோட்டா உட்காரும் பகுதி, குழலைவிடச் சற்று அகலம். 65 அல்லது 70 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அளவாகக் கடைந்தது. அதைச் 'சேம்பர்' என்றே விடலாமா? வெறும் 'அறை' போட்டால் "அறைக்கு எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடவும்" என்று வந்து நிற்கிறது.

கீழக்கரையிலிருந்து:
தம்பி, இதயத்துக்கு நான்கு அறை என்று பள்ளிப்பிள்ளை படிக்கிறதே! துப்பாக்கி துருக்கிச் சொல், தோட்டா வடக்கிலிருந்து வந்தது. மூன்றாவதாகச் சேம்பரும் எதற்கு? நம் அம்பறாத்தூணியிலேயே அறை இருக்கிறது.

மண்டபத்திலிருந்து:
ஐயா, மன்னிக்க வேண்டும். அது அம்பு, அறா, தூணி என்று பிரியும். அம்பு தீராத தூணி. அறைக்கு அங்கே இடமில்லை. அம்புக்கூடு என்றும் சொல் உண்டு. அந்த வழியில் தோட்டாக்கூடு எனலாம். (துருவை எங்கள் இலங்கைச் சொந்தக்காரர்கள் கறள் என்பார்கள். கறையோடு உறவா என்று பல நாளாக யோசிக்கிறேன்.)

ஏர்வாடியிலிருந்து:
அம்புக்கூட்டில் இருப்பது எய்யாத அம்பு. அப்படிப் பார்த்தால் தோட்டாக்கூடு இடுப்பு வாருக்குத்தான் பொருந்தும். எங்கள் வீட்டில் சுட்டபின் மிஞ்சும் காலி உறைதான் கூடு. துருவேறிய சுவரில் அந்த உறை விரிந்து கவ்விக்கொள்ளும், இழுத்தாலும் வராது. "கூட்டில் கூடு சிக்கும்" என்றா எழுதுவது?

அப்பாவின் துப்பாக்கியை நான்தான் துடைப்பேன். தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, எண்ணெயில் ஊறவைத்து, வெண்கலத் தூரிகையைச் சுழற்றினால் காப்பி டிகாக்‌ஷன் போல வடியும். துணியால் துடைத்ததும் கடுகில் பாதி அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும், கடல்காற்றின் வேலை. அந்தக் குழி மறையட்டும் என்று உப்புத்தாள் போட்டால் அறை அகன்றுவிடும். அப்புறம் உறை கிழியும். ஆகவே துரு வேறு, துருச்சொத்தை வேறு. முதலாவதை எடுக்கலாம், இரண்டாவதைத் தேய்க்கவே கூடாது. இந்தச் சொல்லையும் முடிவு செய்யுங்கள்.

தொண்டியிலிருந்து:
துருச்சொத்தையை அப்படியே எடுத்துக்கொண்டேன். மற்றதற்கு, கீழக்கரை ஐயா சொன்ன அறையை வைத்து 'தோட்டா அறை'. முதல் தடவை மட்டும் அடைப்புக்குறிக்குள் சேம்பர். இன்றிரவு அனுப்புகிறேன்.

கீழக்கரையிலிருந்து:
சரி. ஆனால் ஆகாரத்துக்குப் பின் வகர உடம்படுமெய் வர வேண்டும், தம்பி. 'தோட்டாவறை' என்று திருத்திவிட்டு அனுப்புங்கள்.

மண்டபத்திலிருந்து:
என் ஓட்டு இன்னும் கூட்டுக்குத்தான்.