தோட்டக் கிணறுகளுக்குச் சூரிய பம்ப்: காசு சேர்க்க முன்னம் ஒரு கணக்கு

கனடா, லண்டன், சிட்னி உறவுகளுக்குக் கொழும்புக் கிளையின் வணக்கம்.

கிணறு இறைக்கிற மெசினுக்கு ஊற்றுற மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 2022 ஆகஸ்டில் 340 ரூபாயாக ஏறின பிறகு, சூரிய பம்ப் வேண்டாம் என்று ஊரில் ஒருவரும் சொல்லமாட்டினம். ஆனால் கிணற்றுக்கு 3 குதிரைவலு பம்ப், பன்னிரண்டு சூரியத் தகடு என்று நீங்கள் அனுப்பின திட்டம் எங்கட மண்ணுக்குப் பெரிசு.

எட்டுப் பரப்பு (அரை ஏக்கர்) வெங்காயத்துக்கு, வாய்க்காலில் ஊறிப்போறதையும் சேர்த்து, நாளுக்குச் சுமார் 20,000 லீற்றர் போதும். நீர்மட்டம், குழாய் உராய்வு எல்லாம் சேர்த்து 10 மீற்றர் ஏற்றம் என்று வைத்தால், தண்ணீரை ஏற்ற வேண்டிய வேலை அரை அலகு மின்சாரத்துக்குக் கொஞ்சம் மேல். பம்பும் மோட்டரும் நூற்றுக்கு நாற்பதுதான் பயனாக்கும் என்று எடுத்தாலும் ஒன்றரை அலகுக்குள் முடியும். மப்பு நாளுக்கும் இடம் விட்டு, 550 வாட் தகடு இரண்டும் 1 குதிரைவலு டிசி (நேரோட்ட மின்) பம்பும் தாராளம்.

சிக்கல் வேறு இடத்தில். மண்ணெண்ணெய் மெசின் ஒரு மணித்தியாலத்தில் இறைத்துத் தள்ளுற தண்ணீரை இந்தப் பம்ப் ஐந்து மணித்தியாலமாக மெல்ல மெல்லத் தரும். அந்த மெல்லிய ஓட்டம் கடைசிப் பாத்திக்குப் போக முன்னமே வாய்க்காலில் ஊறிவிடும். அப்ப தோட்டக்காரர் பம்பைக் குறை சொல்லி, பழைய மெசினை வெளியே எடுப்பார். ஆகவே தகட்டுக்கு முதல், தண்ணீரைச் சேர்த்து ஒரேயடியாகத் திறந்துவிட, நாளுக்கு இரண்டுதரம் நிரம்புற 10,000 லீற்றர் சீமெந்துத் தொட்டி. பாத்தியை விடச் சற்று உயர்ந்த நிலத்தில், தொட்டி உயரம் ஒன்றரை மீற்றருக்கு மேல் போகாமல், அடியில் 3 அங்குல வாய் வைத்துக் கட்டவேணும். தொட்டிக்குப் பெயர்ப்பலகை அடிக்க ஒருவரும் காசு தாறதில்லை, ஆனால் திட்டம் நிற்கிறதே அதில்தான்.

அடுத்தது உவர். எங்கட நிலத்துக்கு அடியில் உள்ள சுண்ணக்கல்லுக்குள்ள நன்னீர் கடல்நீருக்கு மேல் மிதந்துகொண்டுதான் நிற்குது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் இருக்கும். மேலே 10 சதமமீற்றர் நிரந்தரமாக இறங்கினால் கீழே உவர் 4 மீற்றர் ஏறும். எண்ணெய்ச் செலவு இருந்தவரை இறைப்பு தானாக நின்றது. வெயில் சும்மா கிடைத்தால் யார் நிற்பாட்டுவினம்? தொட்டி நிரம்பினதும் பம்பை நிறுத்தும் மிதவைச் சுவிச்சும், கிணறு வற்றினால் நிறுத்தும் உணரியும் கட்டாயம். தொட்டியைத் தாண்டி வாய்க்காலுக்கு நேரே குழாய் போட விடக்கூடாது. வெங்காயத்துக்கு நீரின் மின்கடத்துதிறன் (உப்புக் கூடக் கூடும் அளவு) சதமமீற்றருக்கு 800 மைக்ரோசீமன்ஸ் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். காலையில் ஒருதரம், இறைத்து முடிய ஒருதரம் அளக்கவேணும். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் கூடினால் இறைப்பைக் குறைக்கவேணும்.

பொருத்தும் வேலையில் மூன்று விசயம் மட்டும். தகடு தெற்குப் பார்த்து 10 பாகை சரிவு, அதுக்குக் குறைந்தால் மழை தூசியைக் கழுவாது. பனை நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலே அதோடு தொடராகக் கோர்த்த மற்றதும் படுத்துவிடும். கடற்காற்றில் அலுமினியச் சட்டத்துக்குச் சாதாரண இரும்பு ஆணி போட்டால் அரித்துவிடும், துருப்பிடிக்கா எஃகுதான் சரி.

பழைய தகடுகளைக் கொள்கலனில் அனுப்புறம் என்று சொன்னவர்களுக்கு நன்றி, வேண்டாம். வேறுவேறு தகடுகளைத் தொடராகக் கோர்த்தால் மெலிந்ததின் ஓட்டம்தான் எல்லாத்துக்கும். உத்தரவாதமும் இல்லை. கொழும்பிலேயே வாங்கலாம். லொறியில் படுக்க அடுக்காமல் நிமிர்த்தி அனுப்பினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு குறையும்.

வங்கிக் கணக்கு கமக்காரர் அமைப்பின் பெயரில் இருக்கட்டும். பாவிக்கிறவர்கள் மாதாமாதம் கட்டுற காசு பம்பின் சீலுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் மட்டும். தகடு இருபது வருசத்துக்கு மேல் நிற்கும், முதலில் போறது இந்த இரண்டும்தான்.

நீர்மட்டம் அடியில் நிற்கிற ஆவணி, புரட்டாதியில் கிணறுகளை அளந்த பிறகே ஓடர் கொடுப்பம். அதுக்கு முன்னம் ஊருக்கு வாறவர்கள் யாராவது மின்கடத்துதிறன் மீற்றர் இரண்டும், அதைச் சரிபார்க்கிற 1413 மைக்ரோசீமன்ஸ் அளவுக் கரைசல் ஒரு போத்தலும் கொண்டுவர முடிந்தால் அறியத் தாருங்கோ.

கொழும்புக் கிளை, தொழில்நுட்பக் குழு