புதுப்பிப்பு: பழவேற்காட்டில் தூண்டில் போட்டாச்சு

சக்கர நாற்காலியில் இருக்கும் அக்கா மகனையும், கண் தெரியாத பக்கத்து வீட்டுப் பெண்ணையும் ஏரிக்கு மீன்பிடிக்க எப்படி அழைத்துப்போவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

மணலில் சக்கரம் புதைந்தது. பலகை போட்டும் சரிவரவில்லை. சிமெண்ட் படகுத்துறைக்குப் போனோம். நாற்காலிக் கைப்பிடியில் பிவிசி குழாயைக் கட்டி, அதில் தூண்டில் கழியைச் செருகினோம். ஒரு கை போதும். பெண்ணின் கழி நுனியில் சின்ன மணி. இரை இறால் துண்டு. மணி அடித்ததும் அவள் இழுத்தது கெளுத்தி! (அதன் முள் குத்தினால் கடுக்கும், நாங்களே கழற்றினோம்.)

ஆந்திரப் பக்கத்துப் பையன்கள் ஓடிவந்து, "நாளைக்கும் வருவியா?" என்று தெலுங்கில் அக்கா மகனிடமே கேட்டார்கள், என்னிடம் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 29ஆம் பிரிவில் பொழுதுபோக்கையும் சேர்த்திருக்கிறது. அதைக் காட்டி, படகுத்துறையில் சாய்தளம் கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.