கணினியில் நீண்ட பீப் ஒலி விட்டுவிட்டு வருகிறது, திரையில் எதுவும் தெரியவில்லை

கேள்வி:
ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் என் மேசைக் கணினி நேற்றிலிருந்து இயங்க மறுக்கிறது. பொத்தானை அழுத்தியதும் மின்விசிறிகள் சுழல்கின்றன. இரண்டு மூன்று நொடிகளில் நீண்ட பீப் ஒலி ஒன்று எழுந்து, சற்று நின்று, மீண்டும் எழுகிறது. மின்சாரத்தை நிறுத்தும் வரை இப்படியே தொடர்கிறது. மானிட்டரில் சிக்னல் இல்லை. நான் பார்த்த ஒரு பட்டியல் இது ரேம் (தற்காலிக நினைவகம்) பழுது என்றும், மற்றொன்று பவர் சப்ளை பழுது என்றும் சொல்கின்றன. எதை நம்புவது? ஹார்டு டிஸ்கில் உள்ள கோப்புகளுக்கு ஆபத்து உண்டா?

பதில் 1:
இரண்டு பட்டியல்களும் வெவ்வேறு பயாஸ்களுக்கு (கணினியைத் தொடங்கிவைக்கும், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் நிரல்) உரியவையாக இருக்கலாம். பீப் ஒலிகளுக்குப் பொதுவான அகராதி கிடையாது. கிராபிக்ஸ் கார்டின் நினைவகப் பழுதை ஏஎம்ஐ நிறுவனத்தின் பயாஸ் எட்டு குறுகிய ஒலிகளால் சொல்லும். அவார்டு நிறுவனத்தின் பயாஸோ காட்சிப் பழுதை 1 நீண்ட ஒலி, 2 குறுகிய ஒலிகளால் சொல்லும். ஆகவே முதலில் உங்கள் மதர்போர்டின் கையேட்டைப் பாருங்கள்.

கோப்புகளைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். மின்சாரம் வந்ததும் பயாஸ் செய்யும் தற்சோதனையில் ரேமின் முறை முன்னதாக வருகிறது; திரை உயிர்பெறுவது அதற்குப் பிறகுதான். திரையில் எழுதிக் காட்ட வழியில்லாத அந்தக் கட்டத்தில் பழுதைச் சொல்ல ஒலி ஒன்றுதான் உண்டு. ஹார்டு டிஸ்கிலிருந்து எதையும் படிக்கும் நிலைக்கே உங்கள் கணினி இன்னும் வரவில்லை.

பதில் 2:
கையேடு கிடைக்காவிட்டாலும் கணினியையே கேட்டுவிடலாம். மின்கம்பியைக் கழற்றி, எஞ்சிய மின்சாரம் வடிய பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். பிறகு எல்லா ரேம்களையும் கழற்றிவிட்டு இயக்குங்கள். அதே ஒலி வந்தால், அது ரேமைப் பற்றிய ஒலிதான் என்று ஏறக்குறைய உறுதி செய்யலாம். பிராசசரும் பயாஸும் ஒலி எழுப்பும் அளவுக்கேனும் இயங்குகின்றன என்பதும் தெரிந்துவிடும். ஒலி மாறினால், முன்பு கேட்டது வேறு எதையோ பற்றியது.

அடுத்து, ஒரே ஒரு ரேமை, கையேடு சொல்லும் ஸ்லாட்டில், அதாவது ரேமைச் செருகும் இடத்தில் (நான்கு ஸ்லாட் இருந்தால் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவது) கிளிப் விழும் ஓசை கேட்கும்வரை அழுத்திப் பொருத்துங்கள். பழுது ரேமோடு இடம் மாறினால் ரேம்தான் காரணம். எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் பழுது வந்தால், ஸ்லாட்டைப் போலவே பிராசசரின் சாக்கெட்டையும் சந்தேகிக்க வேண்டும். ஏனெனில் இன்றைய கணினிகளில் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. இதைப் பலர் மறந்துவிட்டு, நல்ல ரேமைத் தூக்கி எறிகிறார்கள்.

பதில் 3:
ரேமின் பொன்முலாம் பூசிய முனைகளை அழிப்பானால் தேய்க்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதன் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதிய பழுது வரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியே போதும். நன்கு உலர்ந்த பிறகு பொருத்துங்கள்.

உங்கள் மதர்போர்டில் ஸ்பீக்கர் இருப்பது நல்வாய்ப்பு. புதிய மதர்போர்டுகள் பலவற்றில் அது இல்லாததால், கணினி ஊமையாக நிற்கும்போது ஒலி இல்லை என்பதையே ஒரு குறியீடாக எடுத்துக்கொண்டு சிலர் ஏமாறுகிறார்கள்.

கேள்வி கேட்டவர்:
ரேம்களைக் கழற்றியபோது அதே நீண்ட ஒலிதான் வந்தது. முதல் ரேமை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டதும் ஒரே ஒரு குறுகிய ஒலியுடன் திரை வந்துவிட்டது. இரண்டாவது ரேமை எந்த ஸ்லாட்டில் போட்டாலும் பழைய ஒலியே வருகிறது. விளக்கொளியில் பார்த்தபோது அதன் இரண்டு முனைகளில் மட்டும் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது, துடைத்தும் போகவில்லை.

பதில் 2:
அப்படியானால் அந்த ரேமை ஒதுக்கிவிடலாம். நன்றாக இயங்கும் ரேமையும் முக்கிய வேலைகளைத் தொடங்குமுன் மெம்டெஸ்ட் போன்ற சோதனை நிரலில் ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். தற்சோதனை மேலோட்டமானது, சூடேறிய பின் தலைகாட்டும் பிழைகளுக்கு அது ஒலி எழுப்பாது.