5.9 கம்மின்ஸ் ராட் போல்ட்: எதைப் போடுவது?

கல்கரியில் இருக்கிறேன். வண்டி 1997 டாட்ஜ் ராம் 2500, 12 வால்வ் 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜின், பி7100 எரிபொருள் பம்ப். ஜனவரியில் இன்ஜினை இறக்கினேன், மே மாதத்துக்குள் மாட்டியாக வேண்டும். ராட் போல்ட்டில் வந்து நிற்கிறேன், அதாவது பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் ராடின் மூடியை இறுக்கும் போல்ட்.

இலக்கு சுமார் 550 குதிரைத்திறன். எனக்குப் பயம் அதைப் பற்றியல்ல, ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பற்றி. எரிப்பு அழுத்தம் ராடை அமுக்கத்தான் செய்யும். போல்ட்டை இழுப்பது எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனின் எடை. இன்ஜினின் உச்ச வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றியிருப்பதால், அந்த வேகம் 2700 ஆர்பிஎம்மிலிருந்து 3600 வரை போகும். அந்த இழுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏறும், அதாவது கிட்டத்தட்ட 1.8 மடங்கு.

பழைய போல்ட் 12-ஐயும் அளந்தேன். இரண்டு மட்டும் மற்றவற்றைவிட 0.1 மி.மீ. நீளம். அவை குப்பைக்குப் போயின. ராட்களைக் காந்தத்துகள் சோதனை செய்தாயிற்று, விரிசல் இல்லை.

அப்புறம் ஒரிஜினலுக்குப் பதிலாக ஏஆர்பி நிறுவனத்தின் ஏஆர்பி 2000 (இழுவலிமை 2,20,000 பிஎஸ்ஐ) போல்ட் வாங்கி, அதனுடன் வந்த மசகையே தடவி ஒரு ராடில் மட்டும் முறுக்கிப் பார்த்தேன். போல்ட்டின் பிடிப்பு கூடியதால், ராடில் கிராங்க்ஷாஃப்ட் பக்கம் உள்ள பெரிய துளை 0.03 மி.மீ. வட்டம் தப்பிவிட்டது. ஒரு லேத் பட்டறை ஆறு ராடையும் ஹோன் பண்ணச் (துளையைத் தேய்த்து மறுபடி வட்டமாக்கச்) சொல்கிறது. இன்னொன்று, புது ஒரிஜினல் போல்ட்டே போதும் என்கிறது. இரண்டாவது ஆள் ஆர்பிஎம் எவ்வளவு என்றே கேட்கவில்லை!

3600 ஆர்பிஎம்மில் இந்த இன்ஜினை ஓட்டியவர்கள் சொல்லுங்கள்: புது ஒரிஜினல் போல்ட் தாங்குமா, இல்லை ஹோன் செலவோடு ஏஆர்பிதான் வழியா?