பொட்டலம் அதே அளவு, எடை மட்டும் குறைவு

குழு: நம் வீட்டார்

அக்கா (காலை 7:12): மாதச் சாமான் வாங்கி வந்து பில்லைப் பார்த்ததும் நெஞ்சை அடைக்கிறது. போன மாதம் எழுதிய அதே பட்டியல்தான். ஒரு பொருள்கூடச் சேர்க்கவில்லை. தொகை மட்டும் ஏறியிருக்கிறது.

தம்பி (7:15): விலையேற்றம் குறைந்துவிட்டது என்று நேற்றுச் செய்தியில் சொன்னார்களே?

பெரியப்பா (7:21): ஏற்றம் குறைந்தால் விலை குறைந்ததாக ஆகாது, தம்பி. 100 விற்றது ஒரு வருடத்தில் 110 ஆனது என்று வைத்துக்கொள். மறு வருடம் ஏற்றம் 4 சதவீதம்தான் என்றால் 114.40 ஆகும். வேகம் தணிந்திருக்கிறது, ஏறியது இறங்கவில்லை. உக்ரைன் போர் தொடங்கிய அடுத்த மாதம், 2022 மார்ச்சில், உலகச் சந்தையில் உணவு விலை எப்படிப் போகிறது என்று காட்டும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் விலைக் குறியீடு அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. பிறகு குறியீடு இறங்கியது. நம் பில் இறங்கியதா?

நான் (7:30): அக்கா, பருப்புப் பொட்டலத்தின் பின்பக்கம் எடையைப் படித்துப் பார்.

அக்கா (7:34): 900 கிராம்! ஒரு கிலோ என்று நம்பி அல்லவா வாங்கினேன். பொட்டலம் பார்க்க அப்படியே இருக்கிறது.

நான் (7:38): எனக்கும் போன வாரம்தான் தெரிந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை. விலையைத் தொடாமல் 100 கிராமை எடுத்துவிட்டார்கள். முன்பு 9 பொட்டலத்தில் கிடைத்த பருப்புக்கு இப்போது 10 வாங்க வேண்டும். 11 சதவீத விலையேற்றத்தைச் சத்தமில்லாமல் நம் தலையில் கட்டியிருக்கிறார்கள். பிரான்சில் 2024 ஜூலை முதல், இப்படி எடை குறைந்த பொருளுக்குப் பக்கத்தில் பெரிய கடைகள் இரண்டு மாதம் அறிவிப்பு வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எல்லா நாட்டிலும் வர வேண்டிய விதி. அதுவரை 100 கிராம் என்ன விலை என்று நாமேதான் வகுத்துப் பார்க்க வேண்டும்.

தம்பி (7:41): பெரிய பொட்டலம் என்றால் மலிவுதானே?

நான் (7:42): பெரும்பாலும் ஆமாம். ஆனால் சில நேரம் சின்னதே மலிவாக இருக்கும். வகுக்காமல் எடுக்காதே.

அக்கா (7:50): குப்பைக்குப் போனதையும் ஒரு வாரம் எழுதி வைத்தேன். வாடிய கீரை, அரைப் பாத்திரம் குழம்பு, முளைவிட்ட உருளைக்கிழங்கு. மனம் கேட்கவில்லை.

பெரியப்பா (7:55): உருளைக்கிழங்கைச் சூடான இடத்தில் போட்டிருப்பாய். குளிர்ந்த, இருட்டான இடத்தில் வை, அம்மா. 2022இல் உலகம் முழுவதும் 105 கோடி டன் உணவு வீணானது, அதில் 60 சதவீதம் வீடுகளில் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டிருக்கிறது.

அத்தை (9:40): எல்லாவற்றையும் படித்தேன். ஒன்று சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. இரண்டு மாதமாக நான் பால் வாங்குவதில்லை. பழத்தையும் நிறுத்திவிட்டேன். ஒற்றை ஆள்தானே, ஓட்டிவிடலாம் என்று இருந்துவிட்டேன்.

பெரியப்பா (9:41): மாத்திரை சாப்பிடுகிற உடம்பு அம்மா. என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

அத்தை (9:44): எல்லார் வீட்டிலும் இதே பாடுதானே, அண்ணா. யாரிடம் போய்ச் சொல்வது?

அக்கா (9:45): எங்களிடம்தான், அத்தை. படித்ததிலிருந்து கை வேலையில் ஓடவில்லை.

நான் (9:52): அத்தை, குறைக்க வேண்டியது குளிர்பானத்தையும் பாக்கெட் தின்பண்டத்தையும்தான். பாலிலும் பருப்பிலும் கை வைக்காதீர்கள். இன்னொன்று, நீங்கள் தனியாகச் சின்னச் சின்னப் பொட்டலமாக வாங்குவதால் எங்களைவிட எடைக்கு அதிகம் கொடுக்கிறீர்கள். சாப்பிடுவது எங்களைவிடக் குறைவு, கொடுக்கும் விலை எங்களைவிட அதிகம். இது நியாயமே இல்லை. இந்த மாதம் முதல் பருப்பும் எண்ணெயும் மூன்று வீட்டுக்கும் சேர்த்து மொத்தமாக வாங்கி, எடை போட்டுப் பிரிப்போம்.

அக்கா (9:54): என் வீட்டில் தராசு இருக்கிறது. சனிக்கிழமை இங்கேயே பிரிக்கலாம்.

அத்தை (10:03): என் பங்குக்கு உரியதை நான் கொடுத்துவிடுவேன். சும்மா வாங்கிக்கொள்ள மாட்டேன்.

அக்கா (10:04): கிராம் கணக்கில் எழுதி வைக்கிறேன், அத்தை. ஆனால் பாலுக்குச் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.

தம்பி (10:06): கடையில்தான் நிற்கிறேன். அரை லிட்டரா, ஒரு லிட்டரா, அத்தை?

அத்தை (10:09): அரை லிட்டர் போதும், கண்ணு.