மங்கோலிய மொழி வேதாகமம்: யாராவது வழிகாட்ட முடியுமா?

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நான் இருப்பது அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்து ஆர்லிங்டனில். இங்கே மங்கோலியர்கள் நிறையப் பேர் குடியேறியிருக்கிறார்கள். எங்கள் சபைக்கு அருகில் வசிக்கும் நான்கு குடும்பங்களோடு ஒரு வருடமாகப் பழக்கம். அவர்களுடைய புத்தாண்டான சகான் சாருக்கு வீட்டுக்கே அழைத்து, உப்புப் போட்ட பால் டீயும் ஆவியில் வெந்த இறைச்சிக் கொழுக்கட்டையும் கொடுத்தார்கள். அவ்வளவு பாசம்!

அந்த வீட்டுப் பாட்டி வேதாகமம் வாசிக்க வேண்டும் என்கிறார். ஆங்கிலம் தெரியாது. சிக்கல் இதுதான்: 1990-ல் வந்த மங்கோலியப் புதிய ஏற்பாட்டில் கடவுளுக்கு 'உலகத்தின் அதிபதி' என்று பொருள்படும் சொல். 2000-ல் வந்த முழு வேதாகமத்திலோ 'புர்ஹான்'. அது புத்தரையும் குறிக்கும். பௌத்தராக வளர்ந்தவருக்கு எது குழப்பம் தராது? மங்கோலியத் தலைநகர் உலான்பத்தாரில் ஊழியம் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பாட்டிக்குப் பார்வை மங்கல். மங்கோலியாவில் வழங்கும் சிரிலிக் லிபியில் (ரஷ்ய மொழியின் எழுத்து வகை) பெரிய எழுத்துப் பதிப்போ ஆடியோவோ எங்கே கிடைக்கும்? அப்புறம், சீனாவைச் சேர்ந்த உள் மங்கோலியாவிலிருந்து வந்த ஒரு தம்பிக்கு மேலிருந்து கீழாக எழுதும் பழைய எழுத்துதான் தெரியும். அவருக்கும் ஏதாவது உண்டா?

யாரையும் வற்புறுத்த எனக்கு மனமில்லை. அவர்களாகவே கேட்டதால் தேடுகிறேன். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.