ஒரே பொருளில் ஓராண்டு வாசிப்பு: தோட்டத் தமிழர் கதைகளை இப்படிப் படிக்கலாமா?

தாமிரபரணி:
தை பிறந்ததும் ஒரு வருடத்துக்கு ஒரே பொருளில் படிக்கப்போகிறேன்: தோட்ட வேலைக்காகக் கடலும் மலையும் கடந்துபோன தமிழர்கள். மாதம் ஒரு நூல். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’, பி.எச். டேனியலின் ‘எரியும் பனிக்காடு’, கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ என்று பட்டியல் போகிறது. நடுநடுவே வரலாற்று நூல்கள். சேர்ந்து படிக்க யாராவது வருகிறீர்களா?

கூடல்வாசி:
நூல்கள் நல்லவை. முறைதான் எனக்கு ஒப்பவில்லை. தலைப்பை முதலில் எழுதிவிட்டு உள்ளே போனால் அந்தத் தலைப்பு மட்டும்தான் கண்ணில் படும். ‘துன்பக்கேணி’யைத் தேயிலைக் கதை என்று எடுத்தால் ஆள்பிடித்து மேய்க்கும் கங்காணியும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையும் தெரிவார்கள். அந்த உரைநடையின் வேகம், மருதி என்ற ஒரு பெண், இதெல்லாம் பின்னால் போய்விடும். நாலாவது மாதம் மனம் ப. சிங்காரத்துக்கோ வேறொருவருக்கோ ஏங்கும், அட்டவணை விடாது. கடமைக்குப் படித்த நாவல் யாருக்கும் ஒட்டியதில்லை.

தாமிரபரணி:
ஒட்டும் நண்பரே. ஒரு உதாரணம் சொல்கிறேன். ‘துன்பக்கேணி’ 1935இல் வந்தது. மருதி நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்குப் போகிறாள். ‘எரியும் பனிக்காடு’ வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, பிறகு இரா. முருகவேள் தமிழில் தந்தது. அதில் வரும் கருப்பனும் வள்ளியும் அதே நெல்லைச் சீமைதான். அதே பஞ்சம், அதே முன்பணம், ஆசை காட்டும் அதே பேச்சு. ஒரு கூட்டம் மேற்கே ஆனைமலைக்கு ஏறுகிறது, இன்னொன்று கடலைத் தாண்டுகிறது. தனித்தனியே படித்தபோது இவை எனக்கு இரண்டு சோகக் கதைகள். அடுத்தடுத்து வைத்த பிறகுதான் ஆள்பிடிப்பு ஒரு தொழிலாகவே நடந்தது பிடிபட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் அவர்கள். எனக்கு அது சின்ன விஷயம் இல்லை.

கூடல்வாசி:
நீங்கள் சொல்வது வரலாற்று மாணவருக்குக் கிடைக்கும் லாபம். அதை மறுக்கவில்லை. ஆனால் பட்டியலில் சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ ஏன் இல்லை? ஜப்பானியப் படையை எதிர்பார்த்து சுமத்ராவின் மெடான் நகரம் காத்து நிற்கும் அந்தத் தொடக்கம்! கடல் கடந்த தமிழரைப் பற்றி அதற்கு இணையான நாவல் எது? அதன் நாயகன் பாண்டியன் தோட்டக் கூலி இல்லை, வட்டிக்கடைப் பையன் என்பதால்தானே விட்டீர்கள்? வேலி போட்டதும் இருப்பதில் சிறந்தது வெளியே நிற்கிறது. இதைத்தான் சொல்கிறேன்.

ஈப்போக்காரி:
அண்ணா, சிங்காரத்தைச் சேர்க்கச் சொல்வது சரி. ஆனால் அது திட்டத்துக்கு எதிரான வாதம் ஆகாதே. ‘சயாம் மரண ரயில்’ பக்கத்திலேயே வையுங்கள். இரண்டிலும் அதே போர், அதே ஜப்பான்காரன். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை அள்ளிக்கொண்டு போய் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போடவைத்தார்கள். 1943 அக்டோபரில் முடிந்த பாதை. கடைத்தெருத் தமிழனுக்கு அந்தப் போர் ஒரு மாதிரி, பால்மரக் காட்டுத் தமிழனுக்கு, அதாவது ரப்பர் தோட்டத்தானுக்கு, வேறு மாதிரி. பினாங்கில் பாண்டியனோடு நடந்துவிட்டு உடனே அந்த ரயில் முகாமுக்குள் போய்ப் பாருங்கள், எவ்வளவு உறைக்கிறதென்று தெரியும்.

பதுளையாள்:
எனக்கு வேறு குறை. இலங்கை மலையகம் பற்றிய பட்டியலில் மலையக எழுத்தாளர்கள் போதாதே? சி.வி. வேலுப்பிள்ளையும் தெளிவத்தை ஜோசப்பும் எங்கே? வெளியிலிருந்து பார்த்து எழுதினால் கப்பல், கங்காணி, சாவு இவைதான் வரும். லயத்துக் காம்பிராவில், தொழிலாளர் வரிசைவீட்டு அறையில், பிறந்து வளர்ந்தவர் எழுதும்போது கல்யாணம், சண்டை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் வரும். கண்ணீர் மட்டும் எங்கள் கதை இல்லை. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டுப் பாடல்களையும் சேருங்கள். நாவலுக்கு முன்னால் அந்தச் சனம் தன்னைப் பற்றித் தானே பாடியது அது. புத்தகம் கிடைக்காது என்று சொல்ல வேண்டாம், நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள் ஏராளமாக இருக்கின்றன.

தாமிரபரணி:
அக்கா, இரண்டு மாதம் மலையக எழுத்துக்கே ஒதுக்குகிறேன், பாடல்கள் முதலில். சிங்காரமும் உள்ளே. வரலாற்று நூலை எங்கே வைப்பது என்பதுதான் இப்போது கேள்வி. 1948இல் மலையகத் தமிழரைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கிய இலங்கைக் குடியுரிமைச் சட்டம், 1964 அக்டோபரில் அவர்களை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். ‘தூரத்துப் பச்சை’ அதே 1964இல் வந்த நாவல். இந்தப் பின்னணி தெரியாமல் அதைப் படித்தால் பாதிதான் கிடைக்கும் என்பது என் எண்ணம். அதனால் வரலாறு முன்னால்.

கூடல்வாசி:
இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாவலை முதலில் வெறுங்கையோடு படியுங்கள். அந்த மனிதர்கள் உங்களுக்குள் குடியேறட்டும். ஒப்பந்தமும் சட்டமும் அப்புறம் வரட்டும். அப்போது ‘ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா ஏற்கும்’ என்ற வரியைப் படிக்கையில் அந்த எண்ணுக்குள் முகங்கள் இருக்கும். முதலில் சட்டத்தைப் படித்தால் அந்த முகங்கள் ஆதாரங்களாகிவிடும்.

பதுளையாள்:
தம்பி சொல்வது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரஜாவுரிமை (குடியுரிமை) இல்லாமல் போனது என்றால் என்னவென்றே தெரியாத வாசகர், அந்தக் கதைகளில் ஒரு குடும்பம் ஏன் பிரிகிறது என்று எப்படிப் புரிந்துகொள்வார்? தலைவிதி என்றுதானே நினைப்பார்? அது விதி இல்லை, சட்டம். நான் தாமிரபரணி பக்கம்.

ஈப்போக்காரி:
நான் கூடல்வாசி அண்ணா பக்கம். தாமிரபரணி, முதல் மாதம் ‘துன்பக்கேணி’ மட்டும் போடுங்கள், சின்னதுதான். வரலாறு முன்னாலா பின்னாலா என்று மாசிக்குள் முடிவு செய்யலாம்.